கறை எடுத்த இடம்

எங்கள் பனியன் கம்பெனியில் மூன்றாம் மாடி ஜன்னலோரம் எனக்கென்று ஒரு தகர மேசை உண்டு. மேசைக்கு மேலே கொக்கியில் கறை எடுக்கும் துப்பாக்கி தொங்கும். தையல் மெஷினிலிருந்து எண்ணெய் சொட்டிய துணிகளைச் செக்கிங் பெண்கள் என்னிடம் அனுப்புவார்கள். கறை எங்கே என்று காட்ட ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கரை உரித்துவிட்டு அந்த இடத்தில் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் 'ச்சுர்' என்று மருந்து ஊசிபோல் பாயும். எண்ணெய் போய்விடும். பிறகு காற்றை ஊதி உலர்த்துவேன். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் என் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் நடுவில் வாய் திறக்க வராது. யாரோடும் பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் அந்த மேசையை விட்டு நகரவே இல்லை.

கொரோனா வந்த வருடம் கம்பெனி பனியனை நிறுத்தியது. முதலில் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கான உடுப்பு தைத்தோம். அந்த அவசரம் அடங்கிய பிறகு, அதே மெஷின்களை வைத்து, தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் போடும் உடுப்பு தைக்கத் தொடங்கினார்கள். தலை முதல் கணுக்கால் வரை ஒரே உடுப்பு. முன்னால் ஜிப், தலைக்குக் குல்லா.

அந்தத் துணியை முதல் தடவை தொட்டபோது ஆச்சரியமாக இருந்தது. பிளாஸ்டிக் இல்லை, துணிதான். ஆனால் தண்ணீர் பட்டால் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்ததுபோல் உருண்டு ஓடிவிடும். துணியை ஏதோ மருந்தில் முக்கிச் சூட்டில் வாட்டியிருந்தார்கள். உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்றும் உண்டு. வெளியே இருக்கும் சொட்டு உள்ளே வராது. உள்ளே இருக்கிறவனின் வேர்வை மட்டும் ஆவியாக வெளியே போய்விடும். பிளாஸ்டிக் உடுப்பு போட்டால் ஆள் உள்ளேயே வெந்துபோவான், இதில் வேகமாட்டான் என்றார்கள். வேகமாட்டான் என்பது நிஜம்தானா என்று பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

தரம் பார்க்கும் பிரிவின் பொறுப்பில் ஒரு பெண் இருந்தார். அவிநாசிப் பக்கத்துக்காரர், டிப்ளமோ படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். எல்லோரும் மேடம் என்போம். ஒரு நாள் என் மேசைக்கு வந்து நின்று என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு நல்லா வேர்க்குமுங்களா?"

"வேர்க்குமுங்க."

"அப்ப நீங்கதானுங்க நமக்கு."

அதிலிருந்து ஒவ்வொரு லாட்டுச் சரக்கும் முடியும்போதும் நான்தான். உள்ளே வெள்ளைப் பனியனும் வெள்ளைப் பைஜாமாவும் போட்டு, அதன் மேல் உடுப்பை மாட்டிக்கொண்டு, மூன்று மாடியும் பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். அது வேர்வைக்கு. பிறகு பின்பக்கச் சிமெண்டுத் தரையில் கைகளை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். மருந்தடிக்கிற டேங்க்கை முதுகில் மாட்டிய ஒருவர் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை என்மேல் முன்னும் பின்னும் அடிப்பார். கடைசியில் உடுப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளே போட்ட வெள்ளையில் எங்காவது சிவப்பு இருக்கிறதா என்று மேடம் தேடுவார்.

இதை டீ நேரத்தில்தான் வைப்பார்கள். மொத்த ஃப்ளோரும் டம்ளரோடு வந்து சுற்றி நிற்கும். எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பி முடிகிற நாளில் முறைக்காரர்கள் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பெண்கள் இந்தச் சோதனைக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள்.

"மஞ்சத்தண்ணிக்கு வாங்கோவ்!"

"மாமனுக்கு முன்னால ஆச்சு, பின்னால ஊத்துங்க!"

"குனியச் சொல்லுங்க மேடம், குனிஞ்சாத்தான தெரியும்!"

மேடம் சிரிக்கமாட்டார். அது இன்னும் மோசம். "அண்ணா, கைய இன்னுங் கொஞ்சம் மேல தூக்குங்க. அக்குள் தெரியணுமுங்க. அப்படியே நில்லுங்க, போனு வருது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் பேசி முடிக்கும்வரை நான் கைகளைத் தூக்கியபடி நிற்பேன். கன்னத்தில் சிவப்புத் தண்ணீர் வழியும், துடைக்கக் கையை இறக்க முடியாது. எங்கள் ஊர்ப் பேச்சில் எல்லாவற்றுக்கும் 'ங்க' உண்டு. ஓர் ஆளைப் பீரோவைப்போலத் திருப்பி நிறுத்துவதற்கும் உண்டு.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் தனியாகக் கேட்கும் குரல் டேப் ஒட்டும் பெண்ணுடையது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து மண்ணரையில் குடியிருந்தாள். ஊசி போன துளை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும் என்பதால், தைத்து முடித்த பிறகு ஒவ்வொரு தையலின் உள்பக்கமும் சூடான காற்றை ஊதி ஒரு டேப் ஒட்டியாக வேண்டும். அந்த மெஷினில் அவள்தான். நூல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்து, பல வருடம் தரையில் உட்கார்ந்து நூல் வெட்டி, பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவள். நாற்காலிக்கு வீட்டிலிருந்து ஒரு பூப்போட்ட மெத்தை கொண்டுவந்து போட்டிருந்தாள். அதில் வேறு யாரும் உட்கார்ந்தால் பொறுக்கமாட்டாள்.

டேப் ஓடும்போது சில நேரம் கண்ணை மூடிக்கொள்வாள். "எனக்கு வெரலு நுனியில கண்ணு இருக்குத்தா. எங்கிட்டு ஒட்டலன்னு அது சொல்லிரும்" என்பாள். பீற்றல் இல்லை, உண்மைதான். கண்ணை மூடியபடி தையலைத் தடவி, "இந்தா, இங்கன ஒரு நூலளவு தூக்கிருக்கு" என்று அவள் காட்டிய இடத்தில் தூக்கித்தான் இருக்கும்.

முதல் சோதனை அன்று நான் குல்லாவைக் கழற்றியதும், "ஆத்தாடி! நனஞ்ச கோழி கணக்காவுல்ல இருக்காக!" என்றாள் அவள். ஃப்ளோரே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு என் பெயர் போயிற்று. கோழியண்ணன். செக்கிங் பெண்கள் கறைத் துணியைக் கொண்டுவந்து போடும்போது, "கோழியண்ணா, அடைக்கு வெச்சிருக்கறமுங்க, பாத்துக்கங்க" என்பார்கள். வடக்கத்தி ஆட்கள்கூட அதையே இந்தியில் 'முர்கா பாய்' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டார்கள். கேன்டீனில் முட்டை போடுகிற நாளில் என் தட்டைப் பார்த்து யாராவது ஒருவர், "சொந்தத்தையே சாப்படறாரு பாருங்க" என்று சொல்லாமல் இருந்ததில்லை. நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்படிச் சிரித்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.

கோழி என்று சிரித்த கையோடு அவள் துடைப்பதற்கென்று வைத்திருக்கும் பனியன் வேஸ்ட் மூட்டையில் சுத்தமான ஒரு துண்டைத் தேடி எடுத்து என்மேல் எறிவாள். "தொடைங்கண்ணே, சளி புடிச்சிரும்." ஒவ்வொரு சோதனைக்கும் எறிந்தாள். வேறு யாரும் ஒரு துணி தந்ததில்லை. அந்தத் துணியை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கோழியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில் முதல் தடவையாகச் சோதனை தோற்றது. அடித்துக்கொண்டிருக்கும்போதே முதுகில் சில்லென்று தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் இடது தோளுக்குப் பின்னால் பனியனில் வெற்றிலை எச்சில் துப்பியதுபோல் சிவப்பு. மேடம் உடுப்பை உள்வெளியாகப் புரட்டினார். டேப்பின் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு நின்றிருந்தது.

"டேப்புலதானுங்க உடுது" என்றார்.

"இல்லங்க மேடம். நா ஒட்டுனது விடாது" என்றாள் அவள்.

"அப்ப இது என்னுங்க, குங்குமமா?"

லாட்டு முழுவதற்கும் அவள் மறுபடி டேப் ஓட்டினாள். ஓட்டி முடித்த பிறகு வேறோர் உடுப்பை எனக்குப் போட்டு அடித்தார்கள், தப்பித்தது, பெட்டிகள் போயின. அடுத்த லாட்டில் திரும்பவும் அதே கதை. இந்தத் தடவை இடுப்புக்கு மேலே. மேடம் எல்லோரையும் நிற்கச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு தடவ ஆச்சுங்க. மூணாவது தடவ டேப்புல ஒரு சொட்டு வந்துச்சுன்னா நீங்க அந்தச் சீட்டுல இருக்கமாட்டீங்க. பழையபடி நூல் வெட்டப் போயிருங்க. நாஞ் சொல்றது புரியுதுங்களா?"

அதற்குப் பிறகு அவள் டீக்குக் கீழே வருவதை நிறுத்தினாள். ஒட்டிய தையலையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருப்பதை என் மேசையிலிருந்து பார்ப்பேன்.

மூன்றாவது லாட்டு முடிவதற்கு முதல் நாள் சாயங்காலம், கை தட்டி என் டீ டம்ளர் மேசையில் கவிழ்ந்தது. அங்கே கிடந்த உடுப்பின்மேல் டீ ஓடியது. பதறிப்போய்த் தூக்கி உதறினேன். டீ முழுவதும் உருண்டு கீழே விழுந்துவிட்டது, ஓர் இடத்தைத் தவிர. முதுகில் பெரிய பொட்டு அளவுக்கு இறங்கியிருந்தது. உள்பக்கம் கை வைத்தேன். அங்கேயும் ஈரம்.

அந்த இடத்தை எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் அங்கேதான் எண்ணெய்க் கறை எடுத்திருந்தேன். மருந்து காய்ந்த மெல்லிய வட்டம் இன்னும் இருந்தது.

வேறோர் உடுப்பை எடுத்துக் கறை எடுத்த இடத்தைத் தேடி, விரலைத் தண்ணீரில் தோய்த்து ஒரு சொட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் உருண்டையாக நின்றது. பிறகு பரவியது. பிறகு காணோம். நாலு விரல் தள்ளி வைத்த சொட்டு மட்டும் அப்படியே நின்றது. இன்னும் நாலைந்து உடுப்புகளில் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதேதான். எண்ணெயைக் கரைக்கிற மருந்து, தண்ணீரை ஒட்டவிடாத மருந்தையும் சேர்த்துக் கரைத்திருக்கிறது. பாய்ந்த வேகத்தில் உள்பூச்சையும் பிய்த்திருக்கிறது. அது வழியாக இறங்கிய சிவப்புத் தண்ணீர் வேர்வையோடு சேர்ந்து வழிந்து, டேப்பின் விளிம்பு தடுத்த இடத்தில் கோடாக நின்றிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு டேப்பிலிருந்து வந்ததுபோலத்தான் இருக்கும். கறை எடுக்காத உடுப்பு சோதனைக்கு வந்த நாட்களில் தப்பித்திருக்கிறது.

பனியன் தைத்துப் பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எங்களுக்குக் கறை என்றால் துப்பாக்கி. துணி மாறியது, தையல் மாறியது, டேப் வந்தது; துப்பாக்கி மட்டும் அதே கொக்கியில் தொங்கியது. அதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. மேடமும் நினைக்கவில்லை. என் மூலையில் நடப்பதை ஒரு வேலை என்றே யாரும் எண்ணியதில்லை.

மறுநாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காலையில் வண்டியில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'டேப்புல இல்லீங்க மேடம், எம்பட துப்பாக்கியிலதானுங்க.' சின்ன வாக்கியம்தான். மேடத்தின் மேசை முன்னால் போய் நின்றேன். அவர் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னுங்கண்ணா?"

"ஒண்ணு சொல்லணுமுங்க. அந்த டேப்பு..."

"நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா? அவங்களுக்கு வக்காலத்துங்களா?"

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். "கோழி கூவுதுங்கோ" என்றது ஒரு குரல்.

"இன்னிக்கு நீங்க உடுப்புப் போட வேண்டாமுங்க" என்றார் மேடம். "அவங்க ஒட்டுனத அவங்களே போட்டுப் பாக்கட்டும். நீங்க டேங்க்க மாட்டுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். டீக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மேடம் இரண்டு தடவை என் மேசையைத் தாண்டிப் போனார். நான் டேங்க்கைக் கழுவி, தண்ணீர் பிடித்து, சாயத்தைக் கலக்கினேன்.

டீ மணி அடித்ததும் மேடம் என் மேசைக்குப் பக்கத்து அடுக்கிலிருந்து ஓர் உடுப்பை உருவி அவளிடம் கொடுத்தார். வெள்ளைச் சுடிதாரின் மேல் அதை மாட்டிக்கொண்டு அவள் மாடி ஏறி இறங்கினாள். ஏழாவது தடவையே மூச்சு வாங்கியது. பத்தும் முடித்துவிட்டுத்தான் பின்பக்கம் வந்தாள்.

"அக்கா, முறைமாமன் டேங்க்கோட நிக்கறாருங்க!"

"சும்மா கெடங்கடி" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கோழியண்ணே, பாத்து அடிங்க. இன்னிக்கி நாங் கோழி, நீங்க சேவலு" என்றாள்.

வழக்கத்தைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். கைகளை விரித்தபோது சட்டைக்கை நுனிகள் இரண்டும் ஆடுவதைப் பார்த்தேன். பயத்தை மறைக்கத்தான் பேசுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதையே வருடக்கணக்கில் செய்தவன் நான்.

முன்பக்கம் அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் போனேன். இடது தோளுக்குக் கீழே, தையலிலிருந்து மூன்று விரல் தள்ளி அந்த மெல்லிய வட்டம் இருந்தது. முதல் நாள் நான் சொட்டு வைத்துப் பார்த்த உடுப்புகளில் ஒன்று அது.

அதை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடித்திருக்கலாம். முதுகு பெரியது, யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் நாற்காலி அவளுக்கே இருந்திருக்கும். துப்பாக்கி விஷயத்தைப் பிறகு மெதுவாகச் சொல்லியிருக்கலாம். இதெல்லாம் பிற்பாடு யோசித்துக் கண்டுபிடித்தவை இல்லை. பின்னால் நின்ற அந்த நேரத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

மருந்தடிக்கும் கம்பியின் முனையை வட்டத்துக்கு நேராகப் பிடித்தேன். மற்ற இடங்களுக்கு ஒரு தடவை அடித்தேன், அந்த இடத்துக்கு நாலு தடவை. முதல் தடவை உருண்டு ஓடியது. இரண்டாவது தடவை கொஞ்சம் தங்கியது. நாலாவது தடவை வட்டம் கறுத்து இறங்கியது. அவள் தோள் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தச் சில்லிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பயத்தில் செய்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயந்தவன் கை அவ்வளவு நேராக நிற்காது. அத்தனை பேர் பார்க்க நடுவில் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும். அன்று நடுங்கவில்லை. ஒருவரை நடுவில் நிறுத்தி நனைப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நன்றாக இருந்தது.

உடுப்பைக் கழற்றினாள். வெள்ளைச் சுடிதாரின் முதுகில் சிவப்பு ஒழுகியிருந்தது. மேடம் உடுப்பைப் புரட்டி எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். டேப்பின் விளிம்பில் கோடு.

"பாத்துக்கங்க. நாளைக்கு நாந்தான் பொல்லாதவள்னு சொல்லாதீங்க."

அவள் உடுப்பைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு தோள்தையலை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினாள். திரும்பவும் தடவினாள்.

"ஒட்டிருக்குங்க மேடம். எங்கிட்டுமே தூக்கல."

"ஒட்டியிருந்தா செவப்பு எங்கிருந்துங்க வந்துச்சு? ஆகாசத்துலருந்தா?"

மறுபடி சிரிப்பு. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, எங்கிட்டு அடிச்சீக? நீங்க சொல்லுங்க. தையல்ல அடிச்சீகளா, துணியில அடிச்சீகளா?"

அந்தக் கம்பெனியில் சரியான கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. என் வாயிலிருந்து வரப்போவதற்காக அத்தனை பேர் காத்திருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"எல்லா எடத்துலயுந்தானுங்க அடிச்சேன்" என்றேன். "தையல்லதான் எறங்குன மாதிரி இருந்துச்சுங்க."

அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். நுனியெல்லாம் சாயம்.

"அப்பச் சரி" என்றாள்.

"நாளைலருந்து நூல் வெட்டப் போயிருங்க. கோவிச்சுக்காதீங்க" என்றார் மேடம்.

அவள் நூல் வெட்டப் போகவில்லை. அன்று மத்தியானமே பூப்போட்ட மெத்தையைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். என் மேசையைத் தாண்டும்போது வேஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு துண்டை உருவிக் கழுத்தைத் துடைத்தாள். இன்னொன்றை உருவி, பழக்கதோஷத்தில், என் பக்கம் எறிந்தாள். என் கைகளும் சிவப்பாகத்தான் இருந்தன.

அந்த நாற்காலியில் வேறொரு பெண்ணை உட்காரவைத்தார்கள். பயந்த பெண். அவள் ஒட்டிய டேப்பின் ஓரம் அங்கங்கே லேசாகத் தூக்கியிருப்பது எனக்கே தெரியும். நான் அன்றிலிருந்து அந்தத் துணியில் துப்பாக்கியை வைக்கவில்லை. சாக்பீஸ் பொடியைத் தூவி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாலே போதுமாக இருந்தது. தண்ணீரை ஒட்டவிடாத அந்தத் துணி எண்ணெயையும் உள்ளே வாங்காது. துப்பாக்கியே தேவைப்பட்டிருக்கவில்லை. ஆனால் சத்தம் நின்றுபோனால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். அதனால் அவ்வப்போது துப்பாக்கியை எக்ஸாஸ்ட் விசிறிப் பக்கம் திருப்பி வெறும் காற்றில் 'ச்சுர்' என்று அடித்துவைப்பேன்.

அடுத்த சோதனையில் நான் மறுபடி உடுப்புக்குள். ஒரு சொட்டு இறங்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் மேடம், ஃப்ளோர் முழுவதற்கும் கேட்கும்படி. "கை மாறுச்சு, நின்னுபோச்சு. நான் அன்னிக்கே சொன்னனா இல்லீங்களா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் வழக்கம்போல் துப்பாக்கியை வைத்துக்கொண்டிருந்தால் ஒழுகல் தொடர்ந்திருக்கும், தப்பு டேப்பில் இல்லை என்று என்றாவது தெரிந்திருக்கும். நான் என் தப்பை நிறுத்தினேன். அதனாலேயே அது அவளுடையதாக முடிந்துபோயிற்று.

அதற்கு முன்னால் போன பெட்டிகளில் நான் கறை எடுத்த உடுப்புகள் எத்தனை இருந்தன என்று தெரியாது. எங்கோ ஒரு தோட்டத்தில் யாரோ ஒருவர், சொட்டு இறங்காது என்று நம்பி, அதைப் போட்டுக்கொண்டு மருந்தடிப்பார். அவர்மேல் படுவது சாயத் தண்ணீராக இருக்காது. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருடம் போலக் கழிந்தது. சோதனைக்கு உள்ளே போடும் வெள்ளைப் பனியன்கள் பழைய சரக்கில் தீர்ந்துபோக, வாங்கிவரச் சொல்லி மேடம் என்னைப் பனியன் கடைகள் நிறைந்த காதர்பேட்டைக்கு அனுப்பினார். ஒரு சந்துக் கடையில் ஏறினேன். உள்ளே தரையில் உட்கார்ந்து பனியன்களை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவள்தான். திரும்பிவிடலாம் என்று காலை எடுப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"அண்ணே! வாங்கண்ணே. நல்லா இருக்கீகளா?"

கோழி என்று கூப்பிடவில்லை. கம்பெனியில் இன்றைக்கும் எனக்கு அதுதான் பெயர்.

"நல்லா இருக்கறனுங்க."

"இன்னமும் தண்ணி ஊத்துறாகளா?"

"ஊத்தறாங்க. அதுக்குத்தான் பனியன் வேணுமுங்க. வெள்ளையில."

"அதுக்கா? அப்ப ஒரு பொட்டுக்கூட இல்லாமப் பாத்துத் தாரேன்" என்று ஒரு கட்டைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒவ்வொன்றாக விரித்துத் தடவி மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமல் கேட்டாள்.

"இப்பவும் ஒழுகுதாண்ணே?"

கடையில் வேறு யாரும் இல்லை. முதலாளி வாசலில் யாரோடோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். சிரிக்க ஆளில்லை, அவசரமில்லை.

"இல்லீங்க" என்றேன்.

"நாம் போனதுக்கப்புறம்?"

"ஒருக்காக்கூட இல்லீங்க."

அவள் தலையாட்டினாள். எதிர்பார்த்திருந்ததைக் கேட்டவள்போல இருந்தது.

"அந்த மேடத்த எம்புட்டு வஞ்சிருப்பேன் தெரியுமா? மண்ணரையிலயே ரெண்டு கம்பெனியில டேப் மிசினுக்குக் கூப்ட்டாக. போய் உக்காந்தேன். வெரலு ஒண்ணுஞ் சொல்லலண்ணே. ஒட்டிருக்கா ஒட்டலையான்னே எனக்கு நிச்சயமாத் தெரியல. ரெண்டு எடத்துலயும் நானா எந்திரிச்சு வந்துட்டேன்." விரல்களை என் பக்கம் நீட்டிக் காட்டினாள். "கண்ணு போயிருச்சு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"வயசாகுதில்லீங்களா" என்றேன்.

"ஆமால்ல" என்று சிரித்தாள். பேசிக்கொண்டே கீழே பார்க்காமல் அடுத்த பனியனைத் தடவினாள். பாதியில் விரல் நின்றது. "இதுல ஒரு ஊசி ஓட்ட இருக்கு. இது வேணாம் ஒங்களுக்கு" என்று தனியே போட்டாள்.

நான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கறையும் ஓட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. ஊசிமுனை அளவு ஓட்டை, வெளிச்சம் ஒரு புள்ளியாக வந்தது. அவள் அதற்குள் அடுத்ததைத் தடவ ஆரம்பித்திருந்தாள். தன் விரல் என்ன செய்தது என்பதை அவள் கவனிக்கவே இல்லை. நான் அந்தப் பனியனை மடித்து அவள் ஒதுக்கிய இடத்திலேயே வைத்துவிட்டு, கட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் டீ நேரத்தில் அவள் பொறுக்கித் தந்த பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் கைகளை விரித்து நின்றேன். "மாமனுக்கு முதுகுல ஊத்துங்க" என்று சத்தம் போட்டார்கள். முன்னால் அடித்தார்கள், பின்னால் அடித்தார்கள். மேடம் ஜிப்பை இறக்கிப் பார்த்தார். பனியன் வெள்ளையாகவே இருந்தது.